பழக்கமும் அதிர்ச்சியும்

ஒரு கவிதையைப் பாராட்டவேண்டி வந்தால் நம் கைக்கு உடனே அகப்படுகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது: பழகிய பொருளை இது பழக்கமற்றதாக ஆக்கிக்காட்டுகிறது என்பது. நானும் இதை எழுதியிருக்கிறேன். எத்தனை மதிப்புரைகளில் என்று எண்ணிப்பார்க்கத் தைரியம் இல்லை. இதன் மறுபக்கமாக, ஒரு கவிஞரின் இரண்டாவது தொகுப்பை, முதல் தொகுப்பின் அதிர்ச்சி இதில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரித்து எழுதியதும் உண்டு. சமீபத்தில் அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் எழுதியது தவறு. எங்கே தவறினேன் என்று யோசித்துக்கொண்டு போனதில், அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, அது சொல்கிற 'பழக்கம்' பற்றிச் சோதனைச்சாலைக்காரர்கள் இந்த நூறு வருஷங்களில் என்ன கண்டார்கள் என்று கொஞ்சம் சரித்திரம் பார்க்கவேண்டி வந்தது.

வாக்கியத்தின் மூலவர் விக்டர் ஷ்க்லாவ்ஸ்கி. 1917ல் பெட்ரோகிராடில், ஓபோயாஸ் குழுவின் தொகுப்பு ஒன்றில், கலையை உத்தியாகப் பார்க்கிற தன் கட்டுரையை அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது 24. நல்ல நடை என்பது வாசகனின் மன உழைப்பை மிச்சப்படுத்துவது என்று ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் சொல்லிவைத்திருந்தார். ஷ்க்லாவ்ஸ்கி இதைத் தலைகீழாக்கினார். சிக்கனம் அன்றாடப் பேச்சுக்குச் சரி. கலையின் காரியம் செலவழிக்கவைப்பது. பார்வையை நீட்டுவது, கடினமாக்குவது. பழக்கத்தில் பொருள்கள் வெறும் அடையாளங்களாகச் சுருங்கிப்போகின்றன. கல்லைக் கல்லாக உணரவைப்பதற்குத்தான் கலை.

இதற்கு அவர் காட்டுகிற சாட்சி டால்ஸ்டாயின் நாட்குறிப்பு. டால்ஸ்டாய் அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சோபாவிடம் வந்ததும் அதை ஏற்கெனவே துடைத்தாயிற்றா இல்லையா என்பது ஞாபகம் வரவில்லை. கை தானாகச் செய்த வேலை. துடைத்திருந்து நினைவில்லையென்றால் துடைக்காததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இப்படியே முழு வாழ்க்கையும் பிரக்ஞையின்றிக் கழிந்தால் வாழாததற்குச் சமம் என்கிறார் டால்ஸ்டாய். இந்தக் குறிப்புக்கு ஷ்க்லாவ்ஸ்கி தருகிற தேதி 1897 பிப்ரவரி 29. தேதியைப் பார்த்துப் பணம் கொடுக்கிற உத்தியோகம் என்பதால் என் கண் அங்கே நின்றுவிட்டது. 1897ல் பிப்ரவரி 29 கிடையாது. டால்ஸ்டாய் எழுதியது மார்ச் 1ந் தேதி. கவனமின்மை பற்றிய உலகத்தின் மிகப் பிரசித்தமான கட்டுரை இல்லாத ஒரு தேதியைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதுமட்டுமில்லை, பழக்கமற்றதாக்கலுக்கு அவர் உண்டாக்கிய ரஷ்யச் சொல்லில் இரண்டு 'ன' வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. எழுத்துப்பிழை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. அவசரக்காரர்; அந்த அவசரம்தான் கட்டுரையின் உயிர்.

அதே நகரத்தில், பரிசோதனை மருத்துவக் கழகத்தில், பாவ்லாவ் தம் நாய்களோடு இருந்தார். ஷ்க்லாவ்ஸ்கிக்குப் பழக்கம் எதிரி என்றால் பாவ்லாவுக்குப் புதுமை தொல்லை. உதவியாளர் தனியறையில் நாள்கணக்காக ஒரு நாயைப் பழக்கி, ஒரு குறிப்பிட்ட சப்தத்துக்கு எச்சில் ஊறும்படி செய்துவிட்டுப் பாவ்லாவைக் கூட்டிவந்து காட்டுவார். எச்சில் ஊறாது. நாய் காதை நிமிர்த்திக்கொண்டு புதிதாக உள்ளே வந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்குப் பாவ்லாவ் வைத்த பெயர் "'இது என்ன?' அனிச்சை". இது இல்லாவிட்டால் மிருகத்தின் உயிருக்கு ஒவ்வொரு கணமும் ஆபத்து என்பதும், மனிதனிடத்தில் இதுவே விஞ்ஞானம்வரை வளர்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் சோதனைக்கு இடைஞ்சல். அதைத் தவிர்க்கவென்றே தடித்த சுவர்களும் சுற்றிலும் அகழியுமாக ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். மௌன கோபுரம் என்று அதற்குப் பெயர். கலைஞன் புதுமையை உள்ளே கொண்டுவரப் பாடுபட்ட காலத்தில் விஞ்ஞானி அதை வெளியே நிறுத்தச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்.

புதியதும் திரும்பத் திரும்ப வந்தால் நாய் அதைப் பொருட்படுத்துவதில்லை. இந்தப் பழகிப்போதல் எல்லா ஜீவராசிகளிடமும் உண்டு. 1887லேயே அமெரிக்காவில் ஜார்ஜ் பெக்கம், எலிஸபெத் பெக்கம் தம்பதி சிலந்தியின் வலைக்கருகே இசைக்கவையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதலில் சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து தொங்கும். திரும்பத் திரும்பத் தட்டினால் வலையிலேயே உட்கார்ந்திருக்கும். இது என்ன, அசதியா? புலன் மழுங்கிப்போகிறதா? நம் விமர்சனம் பழக்கத்தைப்பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த 'மழுங்கல்' என்ற உருவகத்தைத்தான் கேள்விமுறையில்லாமல் எடுத்துக்கொள்கிறது. கத்தி மழுங்கியது, சாணை பிடிக்கவேண்டும், கவிதைதான் சாணைக்கல்.

இந்த உருவகத்தை உடைத்தவர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் யெவ்கெனி ஸோகலாவ். 1950களிலும் 60களிலும் அவர் செய்த சோதனைகள் எளிமையானவை. ஒருவரை உட்காரவைத்து ஒரே சப்தத்தை விட்டுவிட்டு ஒலிக்கவிடுவது. தோலின் மின்கடத்தல், மூளையின் மின்னலைகள், ரத்தக்குழாய்களின் சுருக்கம் விரிவு எல்லாம் பதிவாகின்றன. முதல் சில தடவைகள் உடம்பு முழுக்கச் சலனம். பிறகு குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. இப்போது சப்தத்தை மாற்றுகிறார். உரக்க அல்ல, மெதுவாக. பழைய சலனம் முழுவதும் திரும்பி வருகிறது. மழுங்கிய புலன் உரத்த சப்தத்துக்கு விழிக்கலாம், மெல்லிய சப்தத்துக்கு எப்படி விழிக்கும்? அடுத்து, சப்தத்தின் நீளத்தைக் குறைக்கிறார். வழக்கமாக நீடிக்கவேண்டிய ஒலி பாதியில் நிற்கிறது. சலனம் வருகிறது, ஒலி நின்ற அந்த இடத்தில். கடைசியாக, சப்தம் வரவேண்டிய நேரத்தில் ஒன்றையும் ஒலிக்காமல் விட்டுவிடுகிறார். அப்போதும் வருகிறது. இல்லாத ஒன்றைக் காது கேட்கிறது.

ஆக, பழகிப்போனவனிடம் ஏதோ குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. சப்தத்தின் உயரம், நீளம், இடைவெளி எல்லாவற்றையும் கொண்ட ஒரு மாதிரியை நரம்புகள் உள்ளே அமைத்துவிட்டன என்று ஸோகலாவ் விளக்கினார். வருவது மாதிரியோடு பொருந்தினால் கவனத்துக்கு வேலை இல்லை. பொருந்தாவிட்டால் 'இது என்ன?'. சலிப்பு என்று நாம் சொல்வது ஒருவகையான பூரண அறிவு. சோபாவைத் துடைத்த டால்ஸ்டாயின் கை சோபாவை நன்றாக அறிந்த கை.

இன்னொன்றையும் ஸோகலாவ் பிரித்துக்காட்டினார். நம் விஷயத்துக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். புதிய ஒன்றை நோக்கித் திரும்புகையில் விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலையின் குழாய்கள் விரிகின்றன. ஆனால் தூண்டுதல் வலிமை மிகுந்ததாக, வலிக்கிற அளவுக்குப் போனால் இரண்டு இடத்திலும் சுருங்கிவிடுகின்றன. இது கவனம் அல்ல, தற்காப்பு. உடம்பு அறிந்துகொள்ளத் திறக்கவில்லை, அடி விழாமலிருக்க மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஆள் திடுக்கிடுகிறான். இந்தத் தற்காப்பு எளிதில் பழகிப்போவதுமில்லை. அதனால் அதையே நீடித்த கவனம் என்று தவறாக எடுத்துக்கொள்ள எல்லா வசதியும் இருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. பழகிப்போகாத மனம் என்று ஒன்று உண்டா என்பது பற்றியது. 1961ல் டில்லியில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளையலைகளைப் பதிவுசெய்தார்கள். சாதாரண நிலையில் விளக்கொளியும் தட்டோசையும் கலைத்துவிடுகிற ஆல்ஃபா அலை, சமாதியில் இருக்கும்போது கலையவே இல்லை. வெளி உலகம் உள்ளே நுழையவில்லை. 1966ல் டோக்கியோவில் கஸமட்ஸுவும் ஹிராயியும் ஜென் குருமார்களைச் சோதித்தபோது நேர்எதிராக வந்தது: பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை 'டக்'கென்ற ஓசை, மற்றவர்கள் மூன்றாவது நான்காவது தடவையிலேயே பழகிப்போய்விட, குருமார் மூவருக்கு இருபதாவது ஓசையும் முதலாவதைப்போலவே. இதைவிடக் கவிஞனுக்கு உவப்பான சேதி இருக்க முடியுமா? 1970களில் புத்தகத்துக்குப் புத்தகம் எடுத்தாண்டார்கள். பார்த்ததையே என்றும் புதிதாகப் பார்க்கிற ஞானக்கண் கருவியில் பதிவாகிவிட்டது என்று. 1981ல் பெக்கரும் ஷபிரோவும் அமெரிக்காவில் ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் மூன்றிலும் தேர்ந்தவர்களையும், தியானமே அறியாதவர்களையும் சேர்த்து வைத்துச் சோதித்தார்கள். எல்லாரும் ஒன்றுபோலப் பழகிப்போனார்கள். மூன்று குருமார்களை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு தூரம் போனோம் என்பதுதான் இதில் எனக்குச் சுவாரஸ்யம். ஷ்க்லாவ்ஸ்கியின் தேதியைப் போல இதுவும் பிடித்திருந்ததால் சரிபார்க்கப்படாத ஒன்று.

மறுபடி நேர்ப்பாதைக்கு. 1966ல் தாம்ப்ஸனும் ஸ்பென்ஸரும் பழகிப்போதலின் குணங்களை ஒன்பதாக வகுத்தார்கள். அவற்றில் கடைசி இரண்டு நமக்கு வேண்டியவை. எட்டாவது: பழகிப்போன நிலையில் வேறொரு பலமான தூண்டுதலைக் கொடுத்தால் பழைய எதிர்வினை மீண்டுவிடும். ஷ்க்லாவ்ஸ்கி சொன்னதேதான் இது என்று தோன்றும். ஒன்பதாவது: அந்தப் பலமான தூண்டுதலையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதற்கும் பழகிப்போய்விடும். பழக்கத்தைக் கலைப்பதும் பழக்கமாகிவிடுகிறது. நம் சிற்றிதழ்களின் பழைய கட்டுகளைத் தூசி தட்டிப் புரட்டுகிறவனுக்கு இந்த ஒன்பதாவது குணத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் எட்டாவதே பார்க்கிறமாதிரி இல்லை. மீண்டது பழைய எதிர்வினைதானா? 1970ல் க்ரோவ்ஸும் தாம்ப்ஸனும் இல்லை என்று வாதித்தார்கள். பழகிப்போதல் அப்படியே அடியில் இருக்கிறது; அதிர்ச்சி வேறொரு வழியாக உடம்பு முழுவதையும் உசுப்பிவிடுகிறது; உசுப்பல் மேலே படிவதால் எதிர்வினை உயர்ந்து தெரிகிறது. இது வெறும் ஊகமாக நின்றுவிடாமல் ரசாயனமாகத் தெரியவந்தது எரிக் கேண்டலும் அவர் சகாக்களும் ஏப்ளீஷியா என்ற கடல் நத்தையில் செய்த வேலையால். மனிதனுக்குப் பல ஆயிரம் கோடி நரம்பணுக்கள் என்றால் இதற்குச் சுமார் இருபதாயிரம்தான். சில கண்ணுக்கே தெரிகிற அளவுக்குப் பெரியவை. அதன் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து தடவை தொட்டால் இழுப்பது நன்றாகக் குறைந்துவிடும். எங்கே குறைகிறது? 1974ல் கஸ்டெலூச்சியும் கேண்டலும் இடத்தைக் காட்டினார்கள். உணர்வு நரம்பின் முனை இயக்க நரம்பைச் சந்திக்கிற இடத்தில், ஒவ்வொரு தடவையும் வெளிப்படுகிற ரசாயனப் பொட்டலங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. பெறுகிற நரம்பின் கூர்மை அப்படியே இருக்கிறது. கொடுக்கிறவன் கையை இறுக்கிக்கொள்கிறான், அவ்வளவுதான். நாளைக்குப் பத்துத் தடவையாக நாலு நாள் தொடர்ந்து தொட்டால் இது மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கிறது. அப்போது ரசாயனத்தை வெளியிடுகிற இடங்களே எண்ணிக்கையில் குறைந்துபோகின்றன என்று 1983ல் பெய்லியும் சென்னும் கண்டார்கள். பழக்கம் உடம்பின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

இனி அதிர்ச்சி. நத்தையின் வாலில் மின்சாரம் பாய்ச்சினால் இடைப்பட்ட வேறு நரம்புகள் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பொழிகின்றன. உணர்வு நரம்பின் முனைகளில் அது இறங்கியதும், உள்ளே ஒரு சங்கிலித்தொடரான மாறுதல் நடந்து, பொட்டாஸியம் வெளியேறுகிற வாயில்கள் சில மூடுகின்றன. நரம்பின் துடிப்பு கொஞ்சம் நீள்கிறது. கால்ஸியம் அதிகம் நுழைகிறது. ரசாயனப் பொட்டலங்களும் அதிகமாக வெளிப்படுகின்றன. முக்கியமானது என்னவென்றால், பழகிப்போன பாதைக்கென்று தனியாக இது நடப்பதில்லை. பழகாத பாதையும் சேர்ந்தே உசுப்பப்படுகிறது. அடி வாங்கிய நத்தை எதைத் தொட்டாலும் சுருங்கும். பிற்பாடு, 1988ல், ராங்கினும் கேரூவும் நத்தையின் குஞ்சுப் பருவத்தில் பழக்கம் கலைதல் முன்னதாகவும் உசுப்பல் பின்னதாகவும் தோன்றுவதைக் காட்டி, இரண்டும் முழுக்க ஒன்றல்ல என்று நிறுவினார்கள். ஆகவே க்ரோவ்ஸ், தாம்ப்ஸன் வாதத்தை அட்சரம் பிசகாமல் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அதிர்ச்சி கல்லைக் கல்லாகத் திருப்பித் தந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த நத்தை கலைத்துவிட்டது. அதிர்ந்துபோனவன் கல்லைப் பார்ப்பதில்லை. துடித்துக்கொண்டிருக்கிறான்.

நத்தையிலிருந்து பாலூட்டிகளுக்குப் போனால் விஷயம் ஸோகலாவ் பக்கம் திரும்புகிறது. மூளைத்தண்டில் நாரட்ரினலினைச் சுரக்கிற ஒரு சிறு நீலப்புள்ளி இருக்கிறது. எலி ஒரு துளைக்குள் மூக்கை விட்டுப் புதிய பொருள் ஒன்றைக் கண்டால் அந்தப் புள்ளியின் நரம்பணுக்கள் படபடக்கின்றன. மறுபடி அதே பொருளென்றால் வெகு சீக்கிரத்தில் அடங்கிவிடுகின்றன. 1995ல் ஸூஸன் ஸாராவின் குழு கண்டது இது. டோபமின் கதை இன்னும் நூதனம். 1997ல் ஷுல்ட்ஸ், தயன், மாண்டேகு மூவரும் எழுதிய கட்டுரைக்கு அடிப்படையான சோதனைகளில், எதிர்பாராமல் பழரசம் கிடைத்த குரங்கின் டோபமின் நரம்பணுக்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று கற்றுக்கொண்டபின் விளக்குக்குத் துடிக்கின்றன, ரசத்துக்கு இல்லை. விளக்கு எரிந்து ரசம் வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில், அவற்றின் இயல்பான துடிப்பும் நின்றுபோகிறது. ஸோகலாவின் வராத சப்தம்தான் இது, முப்பது நாற்பது வருஷம் கழித்து வேறொரு ரசாயனத்தில் பதிவானது.

இந்த இடத்தில் ஷ்க்லாவ்ஸ்கியின் கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். அவர் தருகிற முக்கிய உதாரணம் டால்ஸ்டாயின் 'ஹோல்ஸ்டோமெர்', 1886ல் வெளிவந்த கதை. கிழட்டுக் குதிரையொன்று சொத்துரிமையைப்பற்றிப் பேசுகிறது. தன்னை ஒரு மனிதன் 'என்னுடையது' என்கிறான், ஆனால் அவன் தன்மேல் ஏறுவதில்லை, தனக்குத் தீனி போடுவதில்லை. பின் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று அதற்குப் புரியவில்லை. இதில் அதிர்ச்சி எங்கே இருக்கிறது? குதிரை மெதுவாக, சலிப்பூட்டுகிற அளவுக்கு நிதானமாகப் பேசுகிறது. 'என்னுடையது' என்ற சொல்லுக்கு நம்மிடம் கெட்டிப்பட்ட மாதிரி ஒன்று இருக்கிறது. கதை அதை ஒரு விரற்கடை நகர்த்துகிறது. ஸோகலாவின் மெல்லிய சப்தம். ஷ்க்லாவ்ஸ்கி எடுத்துக்காட்டியது இதை. ஆனால் அவர் கொள்கையாகச் சொன்ன கடினப்படுத்தல், நீட்டல் என்ற சொற்களிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது வாலில் பாய்ச்சுகிற மின்சாரத்தை. 1930ல் அவரே அரசியல் நெருக்கடியில் தன் கொள்கையை விஞ்ஞானத் தவறு என்று எழுதவேண்டி வந்தது வேறு கதை. அவர் தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு வேறு சங்கதிகளுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டார். அவை வேறானவை என்று காட்டக்கூடிய கருவி 1917ல் யாரிடமும் இல்லை.

மெல்லிய சப்தத்துக்கும் ஓர் ஆபத்து உண்டென்பதை மறைக்கக்கூடாது. தாம்ப்ஸன் பட்டியலிலேயே இருக்கிறது: வலுவற்ற தூண்டுதல்தான் வேகமாகப் பழகிப்போகிறது. மெதுவாகப் பேசுகிற கவிதையைத் தாண்டிப் போய்விடுவது சுலபம். நானே தாண்டிப் போயிருக்கிறேன், மேலே சொன்னமாதிரி. மேலும், பொருந்தாமை தெரியவேண்டுமானால் வாசகனிடம் மாதிரி இருந்தாகவேண்டும். 1959ல் செல்லப்பாவின் 'எழுத்து' வந்தபோது அதன் வாசகர்களின் காதில் யாப்பு இருந்தது. வெறுத்தவர்களின் காதில் இன்னும் அதிகமாக இருந்தது. சீர் தவறியது அவர்களுக்குக் கேட்டது. யாப்பையே அறியாமல், ஒடித்துப்போட்ட வரிகளை மட்டுமே படித்து வளர்ந்தவனுக்கு ஒடித்துப்போட்ட வரிதான் மாதிரி. அவனிடம் மறுபடியும் ஒடித்துப்போட்ட வரிகளைக் கொடுத்துவிட்டு அவன் திடுக்கிடவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. அப்போது உரக்கக் கத்துவதுதான் வழி என்று தோன்றிவிடுகிறது. ரத்தம், மலம், பிணம் என்று சொற்களின் வோல்டேஜ் ஏறுகிறது. சில காலம் வேலையும் செய்கிறது.

நான் நிராகரித்த அந்த இரண்டாவது தொகுப்பில் நாலடிக் கவிதை ஒன்று இருக்கிறது. முதல் மூன்று அடிகளிலும் எதுகை சரியாக விழுகிறது, பழைய பாடல்களில் விழுவதுபோலவே. நாலாவது அடி அதே இரண்டாம் எழுத்தை எதிர்பார்க்கவைத்துவிட்டு வேறொரு சாதாரணச் சொல்லில் தொடங்கி முடிந்துவிடுகிறது. முன்பு படித்தபோது பழைய வாசனை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது நாலைந்து தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த அடியின் தொடக்கத்தில், வராத எழுத்துக்காக, காது நிற்கிறது.